மரியாதை உண்டு, முடிவு இல்லை: செட்டிநாட்டில் வயதுப் பாகுபாடும் அதை எதிர்கொள்ளும் வழிகளும்

செட்டிநாட்டில் வயதைக் கொண்டாடத் தெரியும். அறுபதுக்கு மணிவிழா, எழுபதுக்குப் பீமரத சாந்தி, எண்பதுக்குச் சதாபிஷேகம். கும்ப நீரை ஊற்றி, பேரன் பேத்திகள் வரிசையாக விழுந்து கும்பிட்டு, ஊரே சாப்பிட்டுப் போகும். அடுத்த வாரம் அதே பெரியவர் வங்கிக்குப் போகிறார். கவுண்டரில் இருப்பவர், அருகில் நிற்கும் மகனைப் பார்த்து, "அவங்க கையெழுத்துப் போடுவாங்களா?" என்று கேட்கிறார். மகன் பதில் சொல்கிறார். பெரியவர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.

விழாவில் கிடைத்தது மரியாதை. வங்கியில் பறிபோனது தன் காரியத்தைத் தானே முடிவு செய்யும் உரிமை. செட்டிநாட்டுப் பெரியவர்களுக்கு முதல் வகைக்குப் பெரும்பாலும் குறைவில்லை. குறைவு வருவது இரண்டாவதில்தான். முதலாவது தாராளமாகக் கிடைப்பதாலேயே இரண்டாவது பறிபோவது வெளியே தெரிவதில்லை. "எங்க அப்பத்தாவை நாங்க தலையில வச்சுத் தாங்குறோம்" என்று மனமாரச் சொல்லும் வீட்டில்கூட, அப்பத்தாவைக் கேட்காமல் அவர் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்படுவது உண்டு.

வயதை வைத்து ஒருவரைக் குறைத்து மதிப்பதை ஒரு தனிச் சிக்கலாகப் பெயரிட்டுப் பேசியவர் அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர். ஆண்டு 1969. உலக சுகாதார நிறுவனம் 2021இல் இதைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. உலகில் இரண்டு பேரில் ஒருவருக்கு முதியவர்களைப் பற்றி இத்தகைய மனப்போக்கு இருக்கிறது என்பது அதன் கணிப்பு. தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 2021இல் மக்கள்தொகையில் 13.6 விழுக்காடு என்று மதிப்பிடப்பட்டது. நாட்டிலேயே கேரளத்துக்கு அடுத்த நிலை. பிள்ளைகள் சென்னை, பெங்களூர், சிங்கப்பூர், மலேசியா என்று போய்விட்ட செட்டிநாட்டு ஊர்களில், தெருவில் நடந்தாலே இந்த விகிதம் இன்னும் கூடுதலாகக் கண்ணுக்குத் தெரியும்.

சட்டம் எங்கே நிற்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றின் பேரில் பாகுபாடு கூடாது என்கிறது. வயது அந்தப் பட்டியலில் இல்லை. அமெரிக்காவில் 40 வயதைக் கடந்த ஊழியர்களைக் காக்க 1967இலேயே சட்டம் வந்தது. பிரிட்டனில் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் வயதையும் சேர்த்துக்கொண்டது. நம்மிடம் அப்படி ஒரு பொதுச் சட்டம் கிடையாது. அதனால் "வயசானவன்னு என்னை அவமதிச்சிட்டாங்க" என்று மட்டும் எழுதிய மனு எங்கும் நகராது. வங்கியில் நடந்தால் ரிசர்வ் வங்கியின் விதி, சொத்தில் நடந்தால் 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், வேலையில் நடந்தால் தொழிலாளர் சட்டம் என்று, நடந்த இடத்துக்குரிய விதியைப் பிடிக்க வேண்டும்.

வீடும் பத்திரமும்

இந்த வட்டாரத்தில் பாகுபாடு மிக அதிகமாகச் சேதம் செய்யும் இடம் இது. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று நீளும் ஒரு வீட்டுக்கு இன்று பத்து, இருபது பங்குக்காரர்கள் இருப்பது சாதாரணம். அவர்களில் ஊரோடு இருப்பவர் ஓர் ஆச்சியோ ஒரு பெரியவரோதான். ஓடு நழுவினால் ஆள் கூப்பிட்டுச் சரிசெய்வதும், மழைக்கு முன் தாழ்வாரம் பார்ப்பதும், அறைகளைத் திறந்து காற்றாட விடுவதும் அவர் வேலை. ஆனால் வீட்டை விற்பதா, ஹோட்டலுக்குக் குத்தகை விடுவதா என்ற பேச்சு பங்காளிகளின் வாட்ஸ்அப் குழுவில் நடக்கிறது. அவரிடம் இருப்பதோ பட்டன் போன். கடைசியில் கையெழுத்துக்கு மட்டும் அவர் தேவைப்படுகிறார்.

பத்திரம் வந்து நிற்கும் நேரத்தையும் கவனிக்க வேண்டும். முன்னோருக்குச் செய்யும் படைப்பு, கல்யாணம், கோயில் திருவிழா என்று எல்லோரும் ஊரில் கூடும் இரண்டு மூன்று நாளில்தான் அது வெளியே வரும். "எல்லாரும் போட்டாச்சு, ஆச்சி மட்டும்தான் பாக்கி, நாளைக்கு ஃபிளைட்" என்ற அவசரத்தோடு வரும். அந்த அவசரம் வெளிநாட்டிலிருந்து வந்தவருடையது. அதற்காக ஆச்சி ஒரே இரவில் முடிவெடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. "வரைவு நகலைக் கொடுத்துட்டுப் போங்கப்பா. படிச்சுப் பார்த்து, ஒரு வக்கீலைக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்பது போதுமான பதில். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டால் சட்டப் பணிகள் ஆணைக் குழுவின் உதவி கிடைக்கும். குடும்ப வக்கீல் பெரும்பாலும் பத்திரம் கொண்டுவந்தவரின் வக்கீலாகவே இருப்பார். அதனால் வேறு ஒருவரைக் கேட்பது தவறில்லை.

என்ன பத்திரம் என்பதைப் பெயரோடு கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். விடுதலைப் பத்திரம் என்றால் பங்கை விட்டுக்கொடுப்பது, பங்கு அன்றோடு போய்விட்டது. பொது அதிகாரப் பத்திரத்தில் விற்கும் அதிகாரம் சேர்ந்திருந்தால், இன்னொருவர் உங்கள் பங்கை விற்கலாம். சொத்தை இப்போதே இனாமாக எழுதிக்கொடுக்கும் தான செட்டில்மெண்ட் பதிவாகிவிட்டால், மனம் மாறி நாமாகப் போய் ரத்து செய்ய முடியாது. உயிலை மட்டும் உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். பிள்ளைக்குச் சொத்து போய்ச் சேர வேண்டும் என்பது மட்டுமே எண்ணம் என்றால் உயிலே போதும். "இப்பவே எழுதி வச்சிடுங்க, அப்புறம் சிக்கல்" என்று சொல்பவரிடம் என்ன சிக்கல் என்று கேட்டால், பல நேரம் தெளிவான பதில் வராது.

செட்டில்மெண்ட்தான் எழுதுவது என்று முடிவானால் இரண்டு வாசகங்களை விடக்கூடாது. ஒன்று, எழுதிக்கொடுப்பவருக்கு அந்த வீட்டில் வாழ்நாள் அனுபவ உரிமை. மற்றது, உணவு, மருத்துவம், இருப்பிடம் ஆகியவற்றை வாங்குபவர் பார்த்துக்கொள்ள வேண்டும், தவறினால் பத்திரம் ரத்தாகும் என்ற நிபந்தனை. காரணம் 2007 சட்டத்தின் 23ஆம் பிரிவில் இருக்கிறது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, அந்த நிபந்தனை மீறப்பட்டால், மோசடியாகவோ வற்புறுத்தியோ வாங்கியதாகக் கருதித் தீர்ப்பாயம் செல்லாததாக்கலாம். அப்படி ஒரு நிபந்தனை இருந்தது என்பதை நிறுவ வேண்டும் என்று 2022இல் சுதேஷ் சிக்காரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் ஊர்மிளா தீட்சித் வழக்கில், சட்டம் முதியவர்களின் நன்மைக்காக வந்தது என்பதை மனத்தில் வைத்துத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. தாராளத்தை நம்பி இருப்பதைவிட இரண்டு வரி கூடுதலாக எழுதிவிடுவது பாதுகாப்பு.

நடக்க முடியாதவர் பதிவு அலுவலகம் போக வேண்டியதில்லை. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி அலுவலர் வீட்டுக்கே வந்து பதிவு செய்யலாம். அப்போது குடும்பம் முழுவதும் கட்டிலைச் சுற்றி நிற்காமல், அலுவலர் பெரியவரிடம் தனியாக இரண்டு நிமிடம் பேசும்படி கேட்டுக்கொள்ளுங்கள். பின்னால் வழக்கு வந்தால் அது வாங்கியவருக்கும் நல்லது.

காரியம் கைமீறிப்போனால் மனு போக வேண்டிய இடம் கோட்டாட்சியர் தலைமையிலான பராமரிப்புத் தீர்ப்பாயம். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துக்கு அது தேவகோட்டையில் இருக்கிறது. திருமயம், பொன்னமராவதிப் பக்கம் புதுக்கோட்டை மாவட்டத்துக்குள் வரும். 60 வயது நிரம்பியவர், தான் இருக்கும் இடத்திலோ கடைசியாக இருந்த இடத்திலோ பிள்ளைகள் இருக்கும் இடத்திலோ மனு கொடுக்கலாம். பிள்ளை இல்லாதவர், தன் சொத்தை வைத்திருக்கிற அல்லது தனக்குப் பின் அடையப்போகிற உறவினர் மேல் மனு கொடுக்கலாம். பராமரிப்புத் தொகைக்கு உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். எதிர்தரப்புக்கு அறிவிப்புக் கிடைத்த நாளிலிருந்து 90 நாளில் முடிக்க வேண்டும், தேவையானால் இன்னும் 30 நாள் நீட்டிக்கலாம். தீர்ப்பு பாதகமாக வந்தால் 60 நாளுக்குள் மேல்முறையீடு.

மனுக்கள் இங்கே தடுக்கி விழுவது பெரும்பாலும் இரண்டு காரணத்தால். பிள்ளை வெளிநாட்டில் இருப்பார், மனுவில் பழைய சென்னை முகவரி இருக்கும், அறிவிப்பு திரும்பி வந்துவிடும். இந்தச் சட்டம் வெளிநாட்டிலுள்ள இந்தியக் குடிமக்களுக்கும் பொருந்தும் என்றாலும் முகவரி சரியாக இல்லாமல் எதுவும் நடக்காது. இரண்டாவது, மனுவில் மனவருத்தம் நாலு பக்கம் இருக்கும், கேட்பது என்ன என்பது இருக்காது. மாதம் இவ்வளவு ரூபாய் வேண்டும், இன்ன எண் பத்திரத்தை 23ஆம் பிரிவின்படி செல்லாததாக அறிவிக்க வேண்டும் என்று கோரிக்கையை எண் போட்டு எழுதி, பத்திர நகலைப் பின்னால் வைக்க வேண்டும். எழுத ஆள் இல்லையென்றால் முதியோர் உதவி எண் 14567இல் வழி கேட்கலாம்.

இந்த இடத்தில் நகரத்தாரின் 'வேறு வைத்தல்' வழக்கத்தை நினைத்துப் பார்க்கலாம். திருமணம் ஆன தம்பதிக்கு அதே வீட்டுக்குள் தனி அடுப்பும் தனிக் கணக்கும் வைத்துக் கொடுப்பார்கள். அதனால் இளையவர்களுக்கு மட்டும் விடுதலை கிடைக்கவில்லை. வயதான தம்பதியும் தங்கள் செலவைத் தாங்களே பார்த்து, தங்களுக்கு வேண்டியதைச் சமைத்துச் சாப்பிட்டு, யாரிடமும் கை நீட்டாமல் இருந்தார்கள். ஒருவர் காலமானபின் மற்றவரைச் சென்னை அடுக்ககத்துக்கு அழைத்துப் போகும்போது அந்தத் தனிக் கணக்குதான் முதலில் போகிறது. அழைத்துப் போவது அன்பினால் என்றால், அவர் பாஸ்புக்கும் ஏடிஎம் கார்டும் அவர் பெட்டியிலேயே இருக்கட்டும்.

வங்கி

ரிசர்வ் வங்கி 2017 நவம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கையில் மூத்த குடிமக்களுக்கான வசதிகள் எழுத்தில் இருக்கின்றன. கிளைகளில் தனிக் கவுண்டரோ முன்னுரிமை தரும் கவுண்டரோ வேண்டும். காசோலைப் புத்தகம் வாங்க நேரில் வரச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. ஓய்வூதியர் உயிர்வாழ் சான்றை அந்த வங்கியின் எந்தக் கிளையிலும் கொடுக்கலாம். 70 வயதைக் கடந்தவர்களுக்கு வீட்டு வாசலில் பணம் தருவது, வாங்குவது போன்ற சேவையைத் தர முயல வேண்டும்.

கை நடுங்கிக் கையெழுத்து மாறிப்போனவரைத் திருப்பி அனுப்புவது அடிக்கடி நடக்கும். அதற்கும் விதி உண்டு. கைநாட்டு அல்லது கால் பெருவிரல் ரேகையை இரண்டு சாட்சிகள் அடையாளம் காட்டினால் பணம் எடுக்கலாம். சாட்சிகளில் ஒருவர் வங்கியின் பொறுப்பான அலுவலராக இருக்க வேண்டும். "மகனை ஜாயின்ட்ல சேர்த்துடுங்க, பிரச்சினையே இல்லை" என்பது கிளையில் கிடைக்கும் சுலபமான ஆலோசனை. சேர்ப்பதற்கு முன் எந்த வகையில் என்று கேளுங்கள். 'ஐதர் ஆர் சர்வைவர்' என்றால் இருவரில் எவரும் முழுப் பணத்தையும் எடுக்கலாம். 'ஃபார்மர் ஆர் சர்வைவர்' என்றால் முதல் பெயருக்குரியவர் இருக்கும்வரை அவர் மட்டும், அவருக்குப் பின் மற்றவர். பெரும்பாலான பெரியவர்களுக்கு வேண்டியது இரண்டாவதுதான்.

மறுத்தால் சத்தம் போட வேண்டாம். "எந்த விதிப்படி மறுக்கிறீங்கன்னு எழுதிக் கொடுங்க தம்பி" என்று கேட்டால் பாதி மறுப்பு அங்கேயே கரைந்துவிடும். எழுதித் தராவிட்டால் நீங்களே எழுதுங்கள்: தேதி, நேரம், கவுண்டர், கேட்டது என்ன, சொன்ன பதில் என்ன. கிளை மேலாளரிடம் கொடுத்து நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம். வழி தெரியாதவர்களுக்கு 14448 என்ற எண் இருக்கிறது. முதலில் வங்கியில் கொடுத்த எழுத்துப் புகார் இல்லாமல் நேராக அங்கே போனால் தள்ளுபடியாகும்.

மருத்துவர் அறையில்

"வயசாயிடுச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்." இந்த ஒரு வாக்கியத்தால் எத்தனையோ நோய்கள் கண்டுபிடிக்கப்படாமல் போகின்றன. நேற்று வரை நன்றாகப் பேசிய ஆயா (பாட்டி) இரண்டு மூன்று நாளில் இடம் தெரியாமல் உளறுகிறார் என்றால் அது முதுமை இல்லை. சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, நீர்ச்சத்துக் குறைவு, புதிதாகத் தொடங்கிய மாத்திரை என்று உடனே தேட வேண்டிய காரணங்கள் இருக்கின்றன. மெல்ல வரும் மறதிக்கும் சோர்வுக்கும் பின்னால் தைராய்டு, பி12 குறைவு, மனச்சோர்வு ஆகியவை இருக்கலாம். இவற்றுக்கு மருந்து உண்டு.

மருத்துவரிடம் கேட்க ஒரு நல்ல கேள்வி: "இதே தொந்தரவு நாற்பது வயசுக்காரருக்கு வந்தா என்ன டெஸ்ட் எழுதுவீங்க?" மரியாதையான கேள்விதான், ஆனால் யோசிக்க வைக்கும். போகும்போது நாட்டு மருந்து உட்படச் சாப்பிடும் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போக வேண்டும். உடன் போகும் பிள்ளை, நாற்காலியை மருத்துவர் பக்கம் பெரியவருக்குப் போட்டுவிட்டுத் தான் பின்னால் உட்கார வேண்டும். மருத்துவர் தன்னைப் பார்த்துக் கேட்டால், "அப்பச்சி, டாக்டர் கேக்குறாங்க, நீங்களே சொல்லுங்க" என்று திருப்பிவிட்டால் போதும். அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதம் தர வேண்டியவரும் சுயநினைவோடு இருக்கும் நோயாளியே.

காது மந்தத்தைப் புத்தி மந்தமாக எடுத்துக்கொள்வது இன்னொரு பெரிய அநியாயம். வயதில் முதலில் கேட்காமல் போவது உச்ச சுருதி ஒலிகள். கத்தும்போது குரல் உச்சத்துக்குப் போகிறது, சொல் இன்னும் சிதைகிறது. முகம் தெரியும்படி வெளிச்சத்தில் நின்று, குரலைத் தணித்து, நிறுத்திப் பேச வேண்டும். கேட்கவில்லை என்றால் அதே சொல்லை மூன்று முறை கத்தாமல் வேறு சொல்லில் சொல்ல வேண்டும். குழந்தையிடம் கொஞ்சுவது போல இழுத்துப் பேசுவதும் உதவாது. கேட்பவருக்கு அது வலிக்கும்.

காப்பீட்டில் நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. புது மருத்துவக் காப்பீடு எடுக்க 65 வயது என்றிருந்த வரம்பு 2024 ஏப்ரலில் நீங்கியது. மூத்தவர்களின் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்துவதென்றால் ஒழுங்குமுறை ஆணையத்தைக் கலந்துகொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்தது. வயதைச் சொல்லி முகவர் வாய்வார்த்தையில் மறுத்தால் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு மறுப்பை எழுத்தில் கேளுங்கள்.

வேலை

"ஆட்கள் தேவை, வயது 18 முதல் 30 வரை" என்ற அட்டையைக் கடை வாசலில் பார்த்து யாரும் வியப்பதில்லை. தனியார் வேலையில் அதைத் தடுக்கும் சட்டம் இல்லை. ஆனால் ஏற்கெனவே வேலையில் இருப்பவருக்குப் பிடிமானம் உண்டு. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆம் பிரிவுப்படி, ஆறு மாதத்துக்குக் குறையாமல் வேலை பார்த்தவரைத் தக்க காரணம் இல்லாமலும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கீடான சம்பளமோ தராமலும் நீக்க முடியாது. அதனால்தான் பலரிடம், "நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துடுங்கண்ணே, கௌரவமா இருக்கும்" என்கிறார்கள். எழுதிக் கொடுத்துவிட்டால் நீக்கியதாகச் சொல்லி மேல்முறையீடு செய்யும் வழி அடைபடுகிறது.

ராஜினாமா செய்தாலும் பணிக்கொடை (கிராஜுவிட்டி) போகாது. பத்துப் பேராவது வேலை செய்யும் இடத்தில் ஐந்து ஆண்டு முடித்திருந்தால், கடைசிச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, ஆண்டுகளால் பெருக்க வேண்டும். 15,000 ரூபாய் சம்பளத்தில் 20 ஆண்டு என்றால் ஏறத்தாழ 1,73,000 ரூபாய். 58 வயதானதும் பி.எஃப். பிடிக்க மாட்டோம் என்று சொல்வதும் தவறு. ஓய்வூதியப் பங்கு மட்டும் 58இல் நிற்கும். வேலை தொடரும்வரை நிறுவனத்தின் பங்கு முழுவதும் பி.எஃப். கணக்கில் சேர வேண்டும்.

ரேஷனும் ரயிலும்

விரல் ரேகை தேய்ந்து இயந்திரம் ஏற்காததால் ரேஷன் கடையில் திரும்பிப் போகும் பெரியவர்களுக்காகக் கருவிழிப் பதிவும், பொருளை வாங்கிவர வேறொருவரை நியமிக்கும் படிவமும் இருக்கின்றன. 70 வயதைக் கடந்தவர்களின் வீட்டுக்கே பொருளைக் கொண்டுபோகும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்ட்டில் தொடங்கியது. ரயிலில் மூத்தவர்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சோடு நின்றது. கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு மட்டும் ஆணுக்கு 60 வயதிலும் பெண்ணுக்கு 45 வயதிலும் உண்டு. ராமேஸ்வரம் வண்டியில் காரைக்குடியிலிருந்து சென்னைக்குப் போகும் தாத்தாவுக்கும் பாட்டிக்கும் பேரனோடு சேர்த்து மூன்று பேராக ஒரே டிக்கெட் எடுத்தால் அந்த ஒதுக்கீடு கிடைக்காது. பெரியவர்கள் இருவரையும் தனி டிக்கெட்டில் போட வேண்டும்.

நமக்கு நாமே சொல்லிக்கொள்வது

"வீடு போ போங்குது, காடு வா வாங்குது" என்று பெரியவர்களே சொல்லித் தங்களைச் சுருக்கிக்கொள்கிறார்கள். கண்புரை அறுவை வேண்டாம், புதுச் செருப்பு வேண்டாம், ஸ்மார்ட்போன் இந்த வயசுல எதுக்கு. 2002இல் பெக்கா லெவி என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் முதியவர்களைப் பற்றித் திரட்டப்பட்ட நீண்டகாலத் தரவுகளை ஆராய்ந்தார். தங்கள் முதுமையை நல்லவிதமாகப் பார்த்தவர்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழ 7.5 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். செல்போன் கற்பது இதில் முதல் படியாக இருக்கலாம். ஒரு நேரத்தில் ஒரே காரியம், எழுத்தைப் பெரிதாக்கி, அவர் விரலாலேயே தொட வைத்துச் சொல்லித்தர வேண்டும். பேரன் பிடுங்கிச் செய்துகாட்டினால் அவருக்குப் படியாது. பங்காளிகள் குழுவில் அவரைச் சேர்த்து, வீட்டைப் பற்றிய பேச்சைக் குரல் பதிவாகப் போடச் சொன்னால், படிக்கச் சிரமப்படுபவரும் தன் பதிலைப் பேசி அனுப்ப முடியும்.

இந்தப் பாகுபாடு கீழ்நோக்கியும் பாயும். ஊர்க் கூட்டத்தில் இருபத்தைந்து வயதுப் பெண் கோயில் கணக்கைப் பற்றிக் கேட்டால், "சின்னப் பொண்ணு, உனக்கென்ன தெரியும்" என்று அடக்குகிறார்கள். அங்கேயும் வழி ஒன்றுதான்: கேள்வியை எழுதி, தேதி போட்டு, பொறுப்பில் இருப்பவரிடம் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குவது. எழுத்தில் வந்த கேள்விக்குப் பதில் சொல்லும்போது, கேட்டவரின் வயதைப் பதிலாக எழுத முடியாது.